மதுரம் கலைவாணரின் நிழல் அல்லர்!

(கிளிநொச்சியில் நடைபெற்ற கலைவிழா ஒன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



டி. ஏ. மதுரம் அம்மையாரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தார்கள். மகிழ்ந்து இசைந்தோம். ஆனால் அவர்கள் அச்சிட்டுப் பரப்பிய துண்டறிக்கையில் நமது உரைக்கு இட்டிருக்கும் தலைப்பு "கலைவாணரின் துணைவியார்" என்பதாகும். அந்தத் தலைப்போடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. துணைவியார் என்பது மெய். எவரும் மறுக்கப் போவதில்லை. என்றாலும், இருபது ஆண்டுகளாகத் தமிழ்த் திரையிலே தம் சொந்தக் குரலால் பாடி, தம் சொந்த நாவால் பேசி, நாட்டையே நகைக்க வைத்த ஒரு பெண்ணை, மணத்தால் வந்த உறவின் பெயரால் மட்டும் அழைப்பது நீதியாகுமா? கிருஷ்ணனைப் பற்றிய கூட்டத்துக்கு "மதுரத்தின் கணவர்" என்று தலைப்பிடுவோமா? இடமாட்டோம். இட்டால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

மதுரம் திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்தவர். தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931ஆம் ஆண்டில். நான்கே ஆண்டுகள் கழித்து, 1935இல், 'இரத்னாவளி' என்ற படத்திலே மதுரம் திரைக்கு வந்துவிட்டார். அதே ஆண்டில் வெளியான 'மேனகா'விலேதான் என். எஸ். கிருஷ்ணனும் திரையில் மக்கள் கண்ணுக்குத் தென்பட்டார். ஆகவே, இவர் கையைப் பிடித்து அவர் வந்தார் என்றோ, அவர் தோளில் ஏறி இவர் வந்தார் என்றோ சொல்ல இடமில்லை. இருவரும் தனித்தனிப் பாதையிலே நடந்து, ஒரே வாசலுக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தவர்கள்.

அந்நாளைய மேடை எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த வருகையின் அருமை விளங்கும். தமிழகத்திலே 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் மேடையை ஆண்டன. கிருஷ்ணனும் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிலே நடித்தவரே. அங்கே சீதையும் சிறுவன், சாவித்திரியும் சிறுவன். நம் நாட்டிலும் அதே கதைதான். அரிச்சந்திர மயானகாண்டத்தை ஊரூராக நடித்துக் கண்ணீர் பெருக்கிய நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குழுவிலே, மகனை மடியிற் கிடத்திக் கதறிய சந்திரமதி ஓர் ஆடவர். நமது முல்லைத்தீவுக் கோவலன் கூத்திலே சிலம்பேந்தி நீதி கேட்கும் கண்ணகியும் மரபுவழியே ஆடவர்தாம். நாம் குறை கூறவில்லை. விடியவிடிய ஆடிய அந்தக் கலைஞர்களின் உழைப்புக்கும் அண்ணாவிமாரின் புலமைக்கும் முன்னே நாம் தலைகுனிந்தே நிற்போம்.

பாடும் பெண்ணுக்கு மட்டும் மேடை ஒருவாறு வழிவிட்டிருந்தது. கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடிக்கத் தொடங்கியது நமது இலங்கை மேடையிலே என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாடுகிற பெண், ஆடுகிற பெண், அழுகிற பெண் ஆகியோருக்கே இடம். சிரிக்க வைக்கும் பெண்ணுக்கு இடம் அரிது. சிரிப்பு வேண்டுமாயின் பபூன் வருவார். அவரோடு சண்டையிடச் சேலை சுற்றிய இன்னோர் ஆடவர் வருவார். அந்தச் சேலைக்குள் இருந்தவர் பெண்ணின் நடையைப் பழிப்பார், பேச்சைப் பழிப்பார், ஒப்பாரியைக்கூடப் பழிப்பார். கொட்டகை குலுங்கும். பெண் அங்கே நகைப்புக்குப் பொருளாக இருந்தாள். நகைச்சுவைக்கு உடைமைக்காரியாக இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் மதுரமும் கிருஷ்ணனும் சந்தித்தனர். இங்கே கிளிநொச்சியிலே காடு வெட்டிக் குடியேற்றம் தொடங்கிய அதே 1936ஆம் ஆண்டிலே, ராஜா சாண்டோ இயக்கிய 'வசந்தசேனா' படத்துக்காக இருவரும் புனா நகருக்குச் சென்ற குழுவில் இருந்தனர். சென்ற இடத்திலே குழுவுக்குக் கைச்செலவுக்குக் காசு தட்டுப்பட்டதாகவும், மதுரம் தம் பணத்தைக் கொடுத்துதவியதாகவும் சொல்வர். நட்பு மலர்ந்தது, புனாவிலேயே திருமணமும் நடந்தது. கிருஷ்ணன் முன்பே மணமானவர் என்பதைப் பின்னர் அறிந்து மதுரம் வெகுண்டார் என்றும், பிறகே தேறினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சீர்திருத்தம் பேசிய வீட்டிலே இந்தக் குறையும் இருந்தது. அதை மூடி மறைப்பதனால் கலைவாணருக்கும் பெருமை இல்லை. அம்மையாருக்கும் பெருமை இல்லை.

இனி அவர்களுடைய கலைக்கு வருவோம். 'அம்பிகாபதி' 1937இல், 'திருநீலகண்டர்' 1939இல், 'அசோக்குமார்' 1941இல் - இப்படித் தியாகராச பாகவதரின் பெரும்படங்களிலெல்லாம் இந்த இணை இடம்பெற்றது. 1941இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலே இவர்களே முதன்மை நடிகர்கள். படத்தின் மூலக்கதை ஒருபுறம் ஓட, நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே அமைத்து, தனியே படமாக்கி, இணைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் கிருஷ்ணன் குழுவினர் உண்டாக்கினர். படம் எடுப்போர், கதாநாயகனுக்கு அடுத்தபடியாக இந்தச் சோடியைத் தேடி ஓடிய காலம் அது.

என்ன செய்தார் மதுரம்? கேள்வி கேட்டார்! வள்ளி திருமண நாடகத்திலே தினைப்புனத்தில் நடக்கும் தர்க்கத்தை நீங்கள் அறிவீர்கள். வந்தவன் வேடனோ கிழவனோ, அவனுக்குச் சொல்லுக்குச் சொல் விடை கொடுத்து நிற்பாள் வள்ளி. அந்தத் தர்க்கத்தைத் தினைப்புனத்திலிருந்து அடுப்படிக்கும் திண்ணைக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தவர் மதுரம். கணவனாக வரும் கிருஷ்ணன் பெரிய பெரிய திட்டங்களை அளப்பார். மனைவியாக வரும் மதுரம் இடுப்பில் கைவைத்து ஒரு சின்னக் கேள்வியைப் போடுவார். அளந்ததெல்லாம் சரிந்து விழும். சில இடங்களில் மதுரம் பழைமையின் பக்கம் நின்று கேட்பார், கிருஷ்ணன் புதுமையின் பக்கம் நின்று விளக்குவார். அப்போதும் அவர் கேட்ட கேள்வி, பார்த்துக்கொண்டிருக்கும் பாமர மக்களின் மனத்திலே இருந்த கேள்வியாகவே இருக்கும். கேள்வி கேட்பவர் சரியாகக் கேட்காவிட்டால் விடை சொல்பவரின் அறிவு எங்கே ஒளிவிடும்? மத்தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தட்டி ஆட்டம் நடத்திய அண்ணாவியார் எவரேனும் உண்டா?

அவரே பாடினார் என்பதையும் மறவாதீர்கள். வேறொருவர் பாட, நடிப்பவர் வாயசைக்கும் முறை பெருகுவதற்கு முன்னைய தலைமுறை அது. பாட்டிலே தாளம் தப்பாமல் சிரிக்க வேண்டும். சிரிப்பிலே சுருதி விலகாமல் பேச வேண்டும். பேச்சு முடியுமுன் ஆட்டத்துக்குக் கால் எடுக்க வேண்டும். கண்ணீர் வடிக்கும் நடிகைக்கு வயலின் துணை நிற்கும். சிரிக்க வைக்கும் நடிகைக்கோ ஒரு நொடி பிந்தினால் எல்லாம் பாழ்! இதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் வீட்டிலே ஒரு பகிடியைச் சொல்லிப் பார்க்கலாம்.

இவ்விடத்திலே வன்னி மக்களாகிய நமக்கு நெருக்கமான ஒரு படத்தைக் குறிப்பிட வேண்டும். 1942இல் ஜுப்பிட்டர் நிறுவனத்தாரின் 'கண்ணகி' வந்தது. கண்ணாம்பா கண்ணகி, பி. யு. சின்னப்பா கோவலன், உரையாடல் இளங்கோவன். அந்தப் படத்திலும் கிருஷ்ணனும் மதுரமும் உண்டு. வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கலன்று கடல்நீரை வார்த்து விளக்கேற்றி வழிபடும் மக்கள் நாம். கண்ணகை அம்மன் நமக்குக் கதைப்பாத்திரம் அல்லள், தெய்வம். அவள் கதையின் நடுவே சிரிப்பா என்று கேட்கத் தோன்றும். நமது கூத்திலும் கோமாளி வரவில்லையா? பக்தியுள்ள மக்கள்தாம் அச்சமின்றிச் சிரிக்கத் தெரிந்தவர்கள். கோமாளி வந்து போனதால் எந்த அம்மனும் கோபித்ததாக நம் முன்னோர் சொல்லவில்லை.

தோழர்களே! இதுவரை சொன்னது நடிகையின் வரலாறு. இனிச் சொல்லப் போவது மனுசியின் வரலாறு.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. பாகவதர் கதாநாயகன், கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை. அடுத்த மாதம், நவம்பர் 8ஆம் நாள், 'இந்துநேசன்' என்ற மஞ்சள் ஏட்டை நடத்திய இலட்சுமிகாந்தன் சென்னையிலே கத்தியாற் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற மேன்முறையீடும் பயனளிக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள் இந்தக் கொடுமையை! சென்னை பிராட்வே அரங்கிலே 'ஹரிதாஸ்' 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திரையிலே கிருஷ்ணனும் மதுரமும் ஆடிப் பாடுகிறார்கள். மக்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். மெய்யான கிருஷ்ணனோ சிறைக் கம்பிகளுக்குப் பின்னால். மெய்யான மதுரமோ அப்புக்காத்துமாரின் வாசலில்!

அக்காலத்திலே அவர் கையில் இருந்தவை இரண்டு: ஒரு வழக்கு, ஒரு நாடகக் குழு. குழுவும் பிளந்தது. கே. ஆர். இராமசாமி பிரிந்து சென்று கிருஷ்ணன் நாடக சபையைத் தொடங்கினார். அறிஞர் அண்ணாவின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ஆகிய நாடகங்கள் அந்தச் சபையிலேதான் புகழ் பெற்றன என்பது வேறு வரலாறு. எஞ்சிய என். எஸ். கே. நாடக சபையை எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு மதுரம் நிலைநிறுத்தினார். சோடியை இழந்த நகைச்சுவை நடிகை வீட்டுக்குள் முடங்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பர். மதுரம் முடங்கவில்லை. அக்குழு 'பைத்தியக்காரன்' என்ற சீர்திருத்த நாடகத்தை மேடையேற்றியது. வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டும். ஆகவே அதனையே படமாகவும் எடுக்கத் துணிந்தார்கள்.

வழக்கு இலண்டன் சென்றது. பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகமே அப்போது இந்தியாவுக்கும் நமது இலங்கைக்கும் கடைசி நீதிமன்றம். நம் நாட்டு வழக்குகள் அங்கே போகும் முறை 1971இலேதான் ஒழிந்தது. கோமறைக் கழகம் வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்குத் திருப்பியது. 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாகி விடுதலை பெற்றனர். இரண்டரை ஆண்டுகள்! அந்த ஆண்டிலேயே 'பைத்தியக்காரன்' படம் வெளிவந்தது. சிறை மீண்ட கிருஷ்ணனுக்கென அதிலே ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 'கலைவாணர்' என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியதும் அதே ஆண்டில்தான். தகுந்தவருக்குத் தகுந்த பட்டம். ஆனால் அந்த இரண்டரை ஆண்டுகளும் மேடை விளக்கு அணையாமல் காத்தவருக்கு என்ன பட்டம் என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை வன்னி மண்ணிலே நின்று நாம் ஏன் விரித்துரைக்கிறோம் என்பது இங்கே வீற்றிருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். கணவனைத் தேடிச் சிறைவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து தேய்ந்த செருப்புகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டோரின் வீடுகளை நடத்தியவர்கள் யார்? 2009க்குப் பின்பு, மண்வெட்டி பிடித்தும், தையல் இயந்திரம் மிதித்தும், கடை போட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் யார்? 2017 பெப்ரவரி 20ஆம் நாள் இதே கிளிநொச்சியின் கந்தசுவாமி கோவில் முன்றலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை மடியில் வைத்து அமர்ந்தவர்கள் யார்?

ஒப்பிடுவதற்கும் எல்லை உண்டு, அறிவோம். மதுரத்திடம் புகழ் இருந்தது. பணம் திரட்ட ஒரு மேடை இருந்தது. கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. போனவர் திரும்பியும் வந்தார். கோவில் முன்றலிலே அமர்ந்த தாய்மார் பலருக்கு இவற்றில் ஒன்றும் கிட்டவில்லை. கிட்டாமலே கண் மூடியோரும் உளர். ஆயினும் ஒன்றிலே அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். ஆடவன் இல்லாத இடத்திலே குடும்பத்தையும் தொழிலையும் வழக்கையும் ஒருங்கே சுமந்த பெண்ணை உலகம் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டுமே பதிவு செய்கிறது. அவள் செய்த வேலைக்குப் பதிவேட்டிலே ஒரு கட்டமே இல்லை.

விடுதலைக்குப் பிறகு அந்த இணை மீண்டும் கொடிகட்டியது. 1948இல் 'சந்திரலேகா'. 1949இல் அண்ணாவின் கதையிலே 'நல்லதம்பி'. 1951இல் கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்'. 1952இல் 'பணம்'. இந்தக் கடைசி இரண்டுக்கும் உரையாடல் தீட்டியவர் கலைஞர் கருணாநிதி. நமது கருத்தைச் சொல்வதாயின், பிற்காலப் படங்களிலே உபதேசம் மிகுந்த இடங்களிலெல்லாம் சிரிப்பு சற்று மெலிந்திருக்கிறது. கலைவாணர் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கிவிட்டால், மதுரத்துக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை. கேள்வி குறைந்தால் சுவை குறையும் என்பதற்கு அப்படங்களே சான்று.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். ஈட்டியதையெல்லாம் ஈந்த கை அது. விட்டுச் சென்ற செல்வம் பெரிதன்று. மதுரம் பெற்ற குழந்தை நிலைக்கவில்லை. தம் தங்கையையே கணவருக்கு மணம் முடித்துவைத்து, அந்தப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே போற்றி வளர்த்தார். பிள்ளைகளை ஆளாக்குவதிலே அவருடைய எஞ்சிய ஆண்டுகள் கழிந்தன. 1974 மே மாதத்தில் அவரும் மறைந்தார்.

1969 பொங்கலன்று சென்னை தியாகராய நகரிலே கலைவாணரின் சிலையை அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே. சென்னையிலே கலைவாணர் அரங்கமும் உண்டு. வேண்டியதுதான். ஆனால் அந்த அரங்கின் பெயர்ப்பலகையிலே மதுரத்தின் பெயர் இல்லை. அவர் பெயரைப் பொறித்தவர் ஒருவர் உண்டு: கிருஷ்ணனே! நாகர்கோவில் ஒழுகினசேரியிலே தாம் கட்டிய வீட்டுக்கு 'மதுர பவனம்' என்று பெயரிட்டார் அவர். துண்டறிக்கை அச்சிட்ட நம் தம்பிமார் இதைச் சற்றே கவனிக்க வேண்டும். துணைவர் மறவாத பெயரை நாம் மறக்கலாமா?

மதுரத்தின் காலத்திலேயே காளி என். இரத்தினத்தோடு சி. டி. இராஜகாந்தம் கலகலத்தார். பின்னர் டி. பி. முத்துலட்சுமி வந்தார், தங்கவேலுவோடு எம். சரோஜா வந்தார். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யிலே மனோரமா வந்தார். வந்தவர் ஆயிரம் படங்களைக் கடந்தார். மனோரமாவுக்குச் சோடி தேவைப்படவில்லை. அவர் தனித்து நின்றாலே கொட்டகை சிரித்தது. அந்தப் பாதையின் முதற் கற்களைப் பதித்தவர்களுள் தலையாயவர் மதுரம் என்பதிலே நமக்கு ஐயமில்லை.

நம் ஊர் மேடையைப் பற்றி ஒரு சொல். நம் விழாக்களிலே பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். அழுகின்ற தாய் வேடமா? ஒரு சிறுமியைத் தேடுகிறோம். நடனமா? பத்துச் சிறுமிகளை நிறுத்துகிறோம். பகிடிப் பாத்திரம் என்றால் மட்டும் ஒரு பையனைப் பிடித்து அவனுக்குச் சேலை சுற்றுகிறோம்! கேட்டால், "பொம்பிளைப் பிள்ளை பகிடி பண்ணினால் ஊர் என்ன சொல்லும்?" என்கிறார்கள். 1935இல் திருச்சிராப்பள்ளியிலும் ஊர் ஒன்று இருந்தது. அதற்கும் வாய் இருந்தது. வகுப்பறையிலே ஆசிரியரைப்போல் பேசிக் காட்டித் தோழிகளைச் சிரிப்பில் ஆழ்த்தும் சிறுமி ஒருத்தி நம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறாள். அவளை அடக்காதீர்கள். அடுத்த ஆண்டு நாடகத்திலே அந்தப் பாத்திரத்தை அவளிடம் கொடுக்குமாறு இங்கே வந்துள்ள ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். விழாக் குழுவினரும் இதனை ஒரு தீர்மானமாகவே எழுதிக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது. அடுத்ததாக 'நல்லதம்பி' படம் இங்கே காட்டப்படவிருக்கிறது. திரையும் கட்டியாயிற்று. மதுரம் வாய் திறக்கும் இடங்களிலே அடுத்தவரோடு பேசாமல் கேளுங்கள். முன்வரிசையில் நிற்கும் ஆடவர்கள் சற்று ஒதுங்கி, பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமிகளுக்கு இடம் விடுமாறு வேண்டுகிறோம்.